வலிக்காத பொருக்கு

எனக்கு வந்த காய்ச்சலுக்கு மூன்று வாரத்தில் நான்கு பெயர் வைத்தார்கள். முதலில் மலைக்காய்ச்சல் என்றார்கள், பிறகு மலேரியா, பிறகு டைபாய்டு. நான்காவது பெயர் கிடைப்பதற்குள் என் வயிற்றிலிருந்த பிள்ளை அசைவதை நிறுத்தியிருந்தது.

இப்போது நான் நன்றாக இருக்கிறேன். ஏலக்காய் எடுக்க மலைக்குப் போகிற பெண்கள் வீட்டுக்கு வந்து, "உனக்கு என்னதான்க்கா ஆச்சு?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் பாவாடை நாடாவைத் தளர்த்திக் காட்டிக் கதை சொல்ல என்னால் முடியாது. அதனால் எழுதி வைத்துவிடுகிறேன்.

எண்பதுகள் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. ராசிங்காபுரத்தில் என் புகுந்த வீட்டாருக்குக் கிணற்றுப் பாசன நிலமும், போடிமெட்டுக்கு மேலே ஒரு சின்ன ஏலத்தோட்டமும் உண்டு. எனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். அதற்குள் இரண்டு முறை உண்டாகி, ஒன்று மூன்றாம் மாதத்திலும் ஒன்று ஐந்தாம் மாதத்திலும் கலைந்து போயின. மூன்றாவது ஐந்தைத் தாண்டியபோது அத்தை, அதாவது என் மாமியார், என்னை நடக்கவே விடவில்லை. நான்தான் கேட்கவில்லை. அந்த வருஷம் காய் எடுக்க ஆள் தட்டுப்பாடு. நான் கூட நின்றால்தான் பிஞ்சை விட்டுவிட்டு முற்றிய காயாகப் பார்த்து எடுப்பார்கள் என்று எனக்கு ஒரு திமிர். "ஜீப்புல குலுங்கிக்கிட்டு மேல போயித்தான் ஆகணுமா? ஒரு காய் கொறஞ்சா என்னாத்தா கொறஞ்சு போச்சு?" என்று அத்தை அழுதார். நான் ஜீப்பில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து தரையோடு ஓடுகிற சரத்தில் காய்க்கும். குந்தித்தான் எடுக்க வேண்டும். வயிற்றை வைத்துக்கொண்டு குந்த முடியாததால் நான் புல்லிலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிடுவேன். தோட்டமும் காடும் சேருகிற ஓரத்தில், புதர் வெட்டிப் புதிதாக நட்டிருந்த இடத்தில்தான் அதிகமாக உட்கார்ந்தேன். அங்கே எலி வளைகள் நிறைய இருந்தன. அதை அப்போது யாரும் ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

மழைக்காலத்தில் மலையில் அட்டை கடிக்காத நாள் கிடையாது. இடுப்பில் சுண்ணாம்பு டப்பா இல்லாமல் எங்கள் பெண்கள் காட்டுக்குள் கால் வைக்க மாட்டார்கள். அட்டையின் மேல் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தால் அது விழுந்துவிடும். கடிவாயில் இன்னும் கொஞ்சம் அப்பிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்துவிடுவோம். சுண்ணாம்பு தோலைச் சுட்டு நாலைந்து நாளில் கறுப்பாகப் பொருக்குக் கட்டும். காய் எடுக்கிற எந்தப் பெண்ணின் காலைப் பார்த்தாலும் அப்படி நாலு பொருக்கு இருக்கும். அதைப் புண் என்று நாங்கள் சொல்வதே இல்லை.

வயிறு பெருக்கப் பெருக்க, பாவாடை நாடாவைக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் குளிக்கும்போது நாடா அழுத்துகிற இடத்தில் விரலுக்கு ஒரு சின்னக் கொப்புளம் தட்டுப்பட்டது. குனிந்தால் வயிறுதான் தெரிந்தது. அட்டையாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, கண்ணால் பார்க்காமலே தடவிச் சுண்ணாம்பை அப்பினேன். பிறகு மறந்தும் போனேன்.

பத்து நாளில் காய்ச்சல் வந்தது. முதலில் தலைவலி. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்குவது போல இருந்தது. அப்புறம் நடுக்கம், மூன்று கம்பளிக்கும் அடங்காத நடுக்கம். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், "மலைக்காய்ச்சல்க்கா, மூணு நாள்ல போயிரும்" என்று மிளகுக் கஷாயம் வைத்துத் தந்தார்கள். போகவில்லை. நாலாம் நாள் என் வீட்டுக்காரர் ஜீப்பில் லோடு மூட்டைகளை இறக்கச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் மெத்தை போட்டு என்னைக் கீழே கொண்டுவந்தார். ஒவ்வொரு வளைவிலும் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

போடியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து எடுத்துப் போனார்கள். மலேரியாவாக இருந்தால் அதன் கிருமி சிவப்பணுவுக்குள் உட்கார்ந்திருப்பது மைக்ராஸ்கோப்பில் தெரியுமாம். தெரியவில்லை. ஆனாலும் ஒரு சந்தேகத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். அந்தக் கசப்பு இப்போது நினைத்தாலும் நாக்கில் நிற்கிறது. காய்ச்சல் மட்டும் இம்மியும் நகரவில்லை.

அடுத்தது டைபாய்டு. அதற்கு ஒரு சோதனை. செத்த டைபாய்டுக் கிருமியோடு நம் ரத்தத்தின் தெளிநீரைச் சேர்த்துப் பார்ப்பார்கள். உடம்பு அந்தக் கிருமியோடு ஏற்கெனவே சண்டை போட்டிருந்தால், திரிந்த பால் போலக் கட்டி கட்டும். எனக்கு லேசாகக் கட்டியது. இருக்கு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. டைபாய்டுக்கு வழக்கமாகத் தருகிற மருந்தைப் பிள்ளைத்தாய்ச்சிக்குத் தர யோசித்த டாக்டர், ஆம்பிசிலின் ஊசி போடலாம் என்றார். போடும் முன் கேட்டார்.

"உடம்புல எங்கயாவது புண்ணு, பூச்சிக்கடி ஏதும் இருக்காம்மா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றேன். பொய் சொல்லவில்லை. என் கணக்கில் என் உடம்பில் ஒரு புண்ணும் இல்லை.

ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாக ஊசி. இடுப்பில் குத்த இடமில்லாமல் போனதுதான் மிச்சம். வயிறு வேறு கழிந்துகொண்டே போயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்ந்த எட்டாம் நாள் காது அடைத்தது. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்பு எரியும்போது ஓர் இரைச்சல் கேட்குமே, அது போல இரண்டு காதிலும் ஓயாமல் இரைந்தது. அத்தை வாயை அசைப்பார், ஒன்றும் கேட்காது. "சத்தமா பேசுங்களேன், என்ன ரகசியம்?" என்று எரிந்து விழுவேன். அவர் ஏற்கெனவே கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அன்றைக்குத்தான் பிள்ளையின் அசைவு குறைந்ததைக் கவனித்தேன். முன்பெல்லாம் இனிப்பாக ஏதாவது சாப்பிட்டால் உள்ளே ஒரு புரளல் இருக்கும். சர்க்கரையைக் கரைத்துக் குடித்துவிட்டு, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, உள்ளங்கையை வயிற்றில் வைத்துக் காத்திருந்தேன். வரவில்லை. இன்னொரு டம்ளர் குடித்தேன். சாயங்காலம் லேசாக ஒரு தட்டு தட்டியது, அல்லது தட்டியதாக நானே நினைத்துக்கொண்டேன். அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன். இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அந்தப் பயம் எப்படி இருக்கும் என்பதை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

பத்தாம் நாள் மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் காயை வாங்குகிற வியாபாரி அந்தோணி அண்ணன் தன் அம்பாசிடர் காரைக் கொடுத்ததோடு, தானே ஓட்டவும் வந்தார். வாய் ஓயாத மனிதர், அன்று வழி முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் காது கேட்கவில்லையோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன். நிஜமாகவே பேசவில்லை. அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நீண்ட தாழ்வாரத்தில், ஸ்ட்ரெச்சரில் பாதி நாள் கிடந்தேன். முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை. என் வீட்டுக்காரர் துண்டால் விசிறிக்கொண்டே நின்றார். மறுபடி ரத்தம், மறுபடி அதே கேள்வி, புண்ணு ஏதும் இருக்கா. இல்லை என்று மறுபடி தலையாட்டினேன். வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருப்பதாகவும் மண்ணீரல் வீங்கியிருப்பதாகவும் சீட்டில் எழுதினார்கள். வெள்ளணு என்பது உடம்பின் காவல்காரன். காவல்காரர்களே குறைந்து போனால் வீடு என்னாவது?

மறுநாள் முழுவதும் பிள்ளை அசையவே இல்லை. அடுத்த நாளும் இல்லை.

அந்த வார்டில் லீலாம்மா என்றொரு நர்ஸ். இடுக்கிப் பக்கம் மலையில் பிறந்தவள். நான் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பதைக் கண்டு, கேட்காமலே புரிந்துகொண்டாள். காலையில் புனல் போன்ற ஒரு மரக்குழலோடு வந்தாள். அதன் அகன்ற வாயை வயிற்றில் அழுத்தி, மறு முனையில் காதை வைத்துக் கேட்டால் பிள்ளையின் இதயத் துடிப்பு கேட்கும். தொப்புளுக்கு வலப்பக்கம் வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இடப்பக்கம் வைத்தாள். அங்கும் இல்லை. அத்தை கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். லீலாம்மா என் பாவாடை நாடாவைத் தளர்த்தி, குழலை இன்னும் கீழே இறக்கி வைத்தாள். வெகு நேரம் கேட்டாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன், என் மூச்சு அதற்கு இடைஞ்சலாக இருக்குமோ என்று.

அவள் நிமிர்ந்து என் காதருகே வந்து கத்தினாள். "உண்டு சேச்சி. ஹார்ட் உண்டு. மெல்லெயாணு, பட்சே உண்டு." மெதுவாகத்தான், ஆனாலும் துடிக்கிறது என்று தன் மலையாளத்தில் சொன்னாள்.

நான் அழுதேன். அத்தையும் அழுதார். ஆனால் லீலாம்மா எங்களைப் பார்க்கவில்லை. குழல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எந்தா?"

விரலால் தொட்டுக் காட்டினாள். எனக்குத் தெரியும். "அது சுண்ணாம்பு வெந்தது. அட்டை கடிச்சதுக்கு வச்சேன்."

அவள் வேகமாகப் போய் டாக்டரம்மாவை அழைத்துவந்தாள். நடுவயதுக்காரர், முடியை இறுக்கிக் கொண்டை போட்டவர். அந்தப் பொருக்கைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். கறுப்பாக, சுற்றிலும் சிவந்த வளையத்தோடு, சிகரெட் சுட்ட தழும்பு மாதிரி இருந்ததாம். விரலால் அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"நல்லா அமுக்குறேன். இப்ப?"

"இல்லீங்க."

"சுண்ணாம்பு வெந்த புண்ணு வலிக்காம இருக்குமாம்மா?"

வார்டே கேட்கும்படி கத்தித்தான் அதைக் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம்தான் விளங்கியது. காலில் சுண்ணாம்பு வெந்த இடமெல்லாம் புடவை பட்டாலே எரியும். இது ஒருநாளும் எரியவில்லை. நாடா இறுக்கியும் எரியவில்லை. இத்தனை நாளில் நான் அதை யோசித்தே பார்க்கவில்லை. தொடை இடுக்கில் நெறி கட்டியிருப்பதையும் அவர் தடவிக் கண்டுபிடித்தார்.

அதுதான் நான்காவது பெயர். பிற்பாடு டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னதை, எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். இது ஒரு வகை டைபஸ் காய்ச்சல். டைபாய்டு வேறு, இது வேறு. புதரிலும் புல்லிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு உண்ணிக் குஞ்சு இருக்கிறது. வழக்கமாக அது எலியைக் கடித்துப் பிழைக்கும். அதன் உடம்பில்தான் இந்தக் கிருமி குடியிருக்கிறது. நாம் போய் அது இருக்கிற இடத்தில் உட்கார்ந்தால், துணி இறுக்குகிற இடமாகப் பார்த்துக் கடித்துவிடும். கடிப்பது தெரியாது. அந்த இடம்தான் பொருக்காகிறது. கிருமி நம் உடம்பின் அணுக்களுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துவிடுவதால், எனக்குப் போட்ட ஆம்பிசிலினால் அதைத் தொடக்கூட முடியவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிற திருடனைத் தெருவில் தேடியிருக்கிறோம்.

ரத்தச் சோதனை ஒன்றும் செய்தார்கள். அதுதான் எனக்கு ஆச்சரியம். இந்தக் கிருமியை அங்கே வளர்க்கவே முடியாதாம். சம்பந்தமில்லாத வேறொரு கிருமியோடு என் ரத்தத்தைக் கலந்து பார்ப்பார்கள். இரண்டு கிருமிக்கும் ஏதோ ஒரு முகஜாடை. அதனால் ரத்தம் ஏமாந்து அதனோடும் கட்டி கட்டும். எனக்கு நன்றாகவே கட்டியது. ஆனால் அந்த முடிவு வரும்வரை டாக்டரம்மா காத்திருக்கவில்லை.

என் வீட்டுக்காரரை வாசற்பக்கம் அழைத்துப் போய்ப் பேசினார். நான் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டரம்மா பேசப் பேச அவர் தலை குனிந்தது. துண்டால் முகத்தைத் துடைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார், உடனே வேறு பக்கம் பார்த்தார். கடைசியில் தலையாட்டினார். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

வந்து என் காதில் சொன்னார். "வேற மருந்து தரப் போறாக. சரியாப் போயிரும்."

"இம்புட்டு நேரம் அதைத்தான் சொன்னாகளா?"

"ஆமா."

அவருக்குப் பொய் சொல்ல வராது. பிள்ளைக்கு ஏதோ ஆகப் போகிறது, அதை என்னிடம் மறைக்கிறார்கள் என்று அந்த நிமிஷமே எனக்கு உறுதியாகிவிட்டது. பிழைக்காதா, பிழைத்தாலும் கண் தெரியாதா, புத்தி இருக்காதா? கேட்க வாய் வரவில்லை. கேட்டு, அவர் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

டெட்ராசைக்ளின் என்ற காப்சூலைக் கொடுத்தார்கள். பாலோடு சாப்பிட்டால் மருந்து உடம்பில் சேராது என்று லீலாம்மா பாலைத் தள்ளி வைத்தாள். எனக்காகப் பசும்பாலுக்கு மதுரைத் தெருவெல்லாம் அலைந்து வாங்கிவந்த அத்தைக்கு அதில் ஒரே கோபம். "புள்ளத்தாச்சிக்குப் பாலக் குடுக்கக் கூடாதாம், என்னா ஆஸ்பத்திரி இது?" என்று தூக்குச்சட்டியை டொக்கென்று வைத்தார். பிறகு அந்தப் பாலை உறையூற்றி, மறுநாள் மோராக்கிக் கொண்டுவந்தார். மருந்து இறங்கி இரண்டு மணி நேரம் போனபின் மோர் தரலாம், நல்லதுதான் என்று டாக்டரம்மாவும் சொன்னார். குடலுக்குள் நமக்கு வேலை செய்கிற கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றனவாம். ஊசி மருந்து அவற்றையும் சேர்த்துக் கொன்றதால்தான் என் வயிறு அப்படிக் கழிந்தது. மலையில் சருகை மக்க வைத்து ஏலச்செடிக்கு உரமாக்குவதும் கிருமிகள்தானாம். "எல்லாக் கிருமியும் உங்களைக் கொல்ல வந்ததில்லம்மா" என்றார். எனக்கு அப்போது ஒரு கிருமியையும் நம்பத் தோன்றவில்லை.

இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது. மூன்று வாரம் எரிந்த உடம்பு நனைந்த துணி போலக் குளிர்ந்து கிடந்தது. நாலாம் நாள் காதின் இரைச்சல் குறைந்தது. ஆறாம் நாள் மத்தியானம், அத்தை தலை வாரிக்கொண்டிருந்தபோது, வயிற்றுக்குள் ஒரு உதை விழுந்தது. நான் அசையாமல் இருந்தேன். இன்னொன்று விழுந்தது. அத்தையின் கையைப் பிடித்து அங்கே வைத்தேன்.

ஊருக்கு வந்தபின் மலைக்குப் போகிறவர்களிடம் சொல்லச் சொல்லி என் வீட்டுக்காரரை நச்சரித்தேன். புல்லில் வெறுமனே உட்காராதீர்கள், சாக்கை விரியுங்கள். வேலை விட்டதும் வெந்நீரில் தேய்த்துக் குளியுங்கள். காய்ச்சல் வந்தால், வலிக்காத பொருக்கு எங்கே இருக்கிறதென்று உச்சி முதல் பாதம் வரை இன்னொரு பெண்ணை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தையில் மகள் பிறந்தாள். சின்ன உருப்படி, ஆனால் முழு உருப்படி. எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள், நான் விரல்களை எண்ணினேன். கண்ணுக்கு நேரே விளக்கை ஆட்டிப் பார்த்தேன். காதருகே தட்டைத் தட்டிப் பார்த்தேன். தலை நின்றது, சிரித்தாள், குப்புற விழுந்தாள். ஒவ்வொன்றும் நடக்க நடக்க எனக்கு நிம்மதி வருவதற்குப் பதில், அப்படியானால் அது எதில் இருக்கிறது என்ற பயம்தான் வந்தது. வாசற்பக்கம் நின்று அவர் தலையாட்டியது கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஆவணியில் ஒருநாள் அத்தை என்னைக் கூப்பிட்டார். "ஏத்தா சரோசா, வெரசா வா. பல்லு வந்திருக்கு. என்ன இது, மஞ்சக் கறையா இருக்கு?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். கீழ் ஈறில் அரிசி முனை அளவு ஒரு பல், புகையேறிய மஞ்சள் நிறத்தில். ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தேன், பிள்ளை வீறிட்டது. இதுதான், வந்துவிட்டது என்று நினைத்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அப்போதுதான் தோட்டத்திலிருந்து ஜீப்பில் வந்து இறங்கியவரிடம் போனேன். வாயைத் திறந்து காட்டினேன்.

அவர் பார்த்தார். பக்கத்தில் கிடந்த மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இதத்தான் டாக்டரம்மா அன்னைக்குச் சொன்னாக" என்றார். "இதுக்கு இன்னொரு மருந்தும் இருக்கு, அதக் குடுத்தா ஏற்கெனவே வெள்ளணு கொறஞ்சிருக்கிற உன் ரத்தத்துக்கு ஆகாது. இந்த மருந்தக் குடுத்தா பிள்ளைக்குப் பல்லுல கறை விழும். சம்மதமான்னு கேட்டாக."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

"அத ஏங்க எங்கிட்டச் சொல்லல? பத்து மாசமா நான் செத்துச் செத்துப் பொழைக்கிறேனே."

அவர் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பல்லு மொளைக்கிற வரைக்கும் பிள்ள இருக்கும்னு நான் நம்பல, சரோசா" என்றார். "அத எப்படி உங்கிட்டச் சொல்ல?"

மகள் அவர் விரலை வாய்க்குள் இழுத்து, அந்த ஒற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் விரலை எடுக்கவில்லை.